ஃபாண்டம் ஆஃப் த பாரடைஸும் நான் திருடின மெட்டும்

இந்தப் பக்கம் தலைகாட்டி ரெண்டு மாசம் ஆகிவிட்டது. செமஸ்டர், லேப் ரெக்கார்டு, வைவா என்று வழக்கமான காரணங்கள்தான். போன பதிவில் அடுத்தது கிரிக்கெட் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். மன்னிக்கவும், அது அப்புறம். இன்றைக்கு ஒரு படம். பேய்ப் படம் மாதிரி, பாட்டுப் படம் மாதிரி, காமெடிப் படம் மாதிரி... எதில் சேர்ப்பது என்று எனக்கே தெரியாத ஒரு படம். கூடவே என்னைப் பற்றியும் ஒரு விஷயம். என் வகுப்புக்காரர்கள் பாதியில் ஓடிவிடாமல் கடைசி வரை படியுங்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டியது கடைசியில்தான் இருக்கிறது.

(எச்சரிக்கை: முழுக்கதையும் சொல்லப் போகிறேன். படம் வந்து 50 வருஷத்துக்கு மேல் ஆச்சு, இனிமேல் சஸ்பென்ஸ் என்ன வேண்டியிருக்கு என்று விட்டுவிட்டேன். பார்த்துவிட்டு வந்து படிக்கிறவர்கள் இப்போதே கிளம்பலாம்.)

படத்தின் பெயர் 'ஃபாண்டம் ஆஃப் த பாரடைஸ்'. 1974-ல் வந்தது. இயக்கியவர் பிரையன் டி பால்மா. 'கேரி', 'ஸ்கார்ஃபேஸ்', முதல் 'மிஷன் இம்பாசிபிள்' எல்லாம் எடுத்தாரே, அவரேதான். ஆனால் இது அவர் பெரிய ஆளாவதற்கு முன்னால் எடுத்தது. எட்வர்ட் பிரஸ்மேன் என்ற தயாரிப்பாளர் ஸ்டூடியோ பணம் இல்லாமல் வெளியே காசு புரட்டி எடுத்த படம். முடித்த பிறகுதான் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் வாங்கி வெளியிட்டது.

எனக்கு இந்தப் படம் வந்து சேர்ந்த வழி டாஃப்ட் பங்க். தலையில் ரோபோ ஹெல்மெட் மாட்டிக்கொண்டு இசை போட்ட பிரெஞ்சுக்காரர்கள் ரெண்டு பேர், 2021-ல் பிரிந்துவிட்டார்கள். அவர்கள் சின்ன வயதில் இந்தப் படத்தை இருபது தடவைக்கு மேல் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இருபது தடவை பார்க்கிற அளவுக்கு அப்படி என்னதான் இருக்கு என்று ஒரு சனிக்கிழமை ராத்திரி ஹாஸ்டலில் நானும் என் அறைத்தோழனும் லேப்டாப்பைக் கட்டிலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மிக்சர் பாக்கெட் ஒன்று. கரண்ட் இருந்தது. எல்லாம் நல்லாத்தான் ஆரம்பித்தது.

சரி, கதைக்கு வருவோம்.

வின்ஸ்லோ லீச் ஓர் இசையமைப்பாளர். சோடாபுட்டிக் கண்ணாடி, ஒடிசலான உடம்பு, பேச்சில் பதட்டம். சாத்தானுக்கு ஆன்மாவை விற்ற ஃபாஸ்ட் கதையை வைத்து நீளமான ஒரு இசைப் படைப்பு எழுதி வைத்திருக்கிறான். ஒரு நிகழ்ச்சி முடிந்து ஆட்கள் மேடையைக் காலி செய்துகொண்டிருக்கும் நேரத்தில், யாரும் கவனிக்காதபோது, பியானோவில் அதை வாசிக்கிறான். யாரும் கவனிக்கவில்லை என்று அவன் நினைக்கிறான். மேலே ஒரு பெட்டியில் உட்கார்ந்து ஸ்வான் கேட்கிறான்.

ஸ்வான் யார்? பெரிய ரெக்கார்டு கம்பெனி முதலாளி. 'பாரடைஸ்' என்று புது இசை அரங்கம் ஒன்றைத் திறக்கப் போகிறான். அதைத் திறந்து வைக்க ஒரு புது இசை வேண்டும், இதுதான் அது என்று முடிவு பண்ணிவிடுகிறான். இசை மட்டும் போதும், இசையமைப்பாளர் தேவையில்லை. உதவியாளனை அனுப்புகிறான். நம்ம ஆள் சந்தோஷத்தில் ஒரே ஒரு பிரதியைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறான். ஜெராக்ஸ்கூட எடுத்து வைக்கவில்லை. 'ஒரு மாசத்தில் கூப்பிடுவாங்க' என்று காத்திருக்கிறான்.

கூப்பிடவில்லை. போய்க் கேட்டால் அடித்துத் துரத்துகிறார்கள். ஸ்வானின் மாளிகைக்கே போகிறான். அங்கே வரிசையாகப் பெண்கள் பாட்டுத் தேர்வுக்கு நிற்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது அவனுடைய பாட்டு. ஒவ்வொருத்தியும் அவன் மெட்டைப் பாடிப் பயிற்சி பண்ணுகிறாள். அவன் பெயர் எங்கேயும் இல்லை.

இந்த இடத்தில்தான் என் அறைத்தோழன் சிரித்தான். "மாப்ள, நம்ம ஆடிட்டோரியம் மாதிரியே இருக்குல்ல?" என்றான். சும்மாதான் சொன்னான், குத்திக் காட்டவில்லை. எனக்கு மிக்சர் தொண்டையில் நின்றது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வின்ஸ்லோவை அடித்து, பையில் போதை மருந்தை வைத்து, போலீசில் மாட்டிவிடுகிறார்கள். ஆயுள் தண்டனை. நியூயார்க் மாநிலத்தின் சிங் சிங் சிறை. அங்கே பல்லையெல்லாம் பிடுங்கி இரும்புப் பல் வைக்கிறார்கள். தன் பாட்டை வேறொரு குழு பாடி வெளியிடப் போகிறது என்று ரேடியோவில் கேட்டதும் வெறி பிடித்துத் தப்பிக்கிறான். ரெக்கார்டு அச்சடிக்கிற தொழிற்சாலைக்குள் புகுந்து மிஷின்களை உடைக்கிறான். கால் தவறி, இசைத்தட்டு அழுத்துகிற சூடான அச்சு இயந்திரத்துக்குள் தலை மாட்டிக்கொள்கிறது. பாதி முகம் போய்விடுகிறது, குரலும் போய்விடுகிறது. பாட்டு எழுதினவனின் முகத்தில் இசைத்தட்டின் அச்சு! இதைவிடப் பச்சையாக ஒரு உருவகம் சொல்ல முடியாது. ஆனால் பார்க்கும்போது அது தோன்றாது, பயம்தான் வரும்.

அப்புறம் அவன் வெள்ளியில் செய்த பறவை முகமூடி ஒன்றை மாட்டிக்கொண்டு பாரடைஸ் அரங்கத்துக்குள் பேயாக அலைகிறான். பெயரைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பீர்கள், காஸ்டன் லெரூ 1910-ல் எழுதி முடித்த 'ஃபாண்டம் ஆஃப் த ஆப்பரா' நாவலின் கதை. அதோடு ஃபாஸ்ட் கதையையும், ஆஸ்கர் வைல்டின் 'டோரியன் கிரே' கதையையும் சேர்த்து மிக்சியில் அடித்திருக்கிறார் டி பால்மா. நடுவில் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' குளியலறைக் காட்சிக்குக் கிண்டல் வேறு. கத்திக்குப் பதிலாகக் கழிப்பறை அடைப்பு எடுக்கிற ரப்பர் கட்டை. :)

இதுவரைக்கும் சாதாரணப் பழிவாங்கும் கதை. இனிமேல்தான் படம் வேற மாதிரி ஆகிறது.

முகமூடிக்காரனை ஸ்வான் போலீசிடம் பிடித்துக் கொடுக்கவில்லை. உட்கார வைத்துப் பேசுகிறான். 'உன் இசையை நீயே முடித்துக் கொடு, உனக்குப் பிடித்த ஃபீனிக்ஸ் என்ற பெண்ணே பாடட்டும்' என்கிறான். குரல் போனவனை ஓர் ஒலிப்பதிவு அறையில் மின்கருவிகளுக்கு நடுவில் உட்கார வைத்து, குமிழ்களைத் திருகித் திருகிக் குரலைத் திரும்ப வரவழைக்கிறான். (அந்த அறையில் தெரியும் ராட்சத சின்தசைசர் நிஜமானது. டோன்டோ என்று பெயர். ஸ்டீவி வொண்டர் தன் எழுபதுகளின் ஆல்பங்களில் பயன்படுத்திய அதே கருவி. இப்போது கனடாவின் கால்கரி நகரில் இசை மையம் ஒன்றில் இருக்கிறது.)

கவனித்தால் இங்கே ஒரு விஷயம் இருக்கிறது. ஸ்வானாக நடித்த பால் வில்லியம்ஸ்தான் படத்தின் பாட்டுகளையும் எழுதியவர். குமிழ்களைத் திருகி முடித்தபோது வின்ஸ்லோவின் வாயிலிருந்து வரும் பாட்டுக் குரல் பால் வில்லியம்ஸின் குரல். அதாவது ஸ்வானின் குரல். மெட்டைத் திருடி, முகத்தையும் அழித்து, கடைசியில் 'இந்தா உன் குரல்' என்று முதலாளி தன் குரலையே கொடுக்கிறான். இவனும் நன்றியோடு வாங்கிக்கொள்கிறான். முதல் தடவை பார்க்கும்போது எனக்கு இது பிடிபடவே இல்லை. இரண்டாம் தடவைதான் தலையில் அடித்த மாதிரி இருந்தது.

பிறகு ஒப்பந்தம். தலையணை மாதிரி ஒரு கட்டுக் காகிதம். வின்ஸ்லோ சில பக்கம் புரட்டி, புரியாத ஒரு ஷரத்தைப் பற்றிக் கேட்கிறான். ஸ்வான் ஏதோ சொல்லி மழுப்புகிறான். ரத்தத்தில் கையெழுத்து.

எழுதி முடித்த பிறகு ஸ்வான் வாக்கு மாறுகிறான். ஃபீனிக்ஸுக்குப் பதில் பீஃப் என்ற கூச்சல் பாடகனைக் கொண்டுவருகிறான். வின்ஸ்லோவை உள்ளே வைத்துச் செங்கல் சுவர் எழுப்பி மூடிவிடுகிறான். சுவரை உடைத்துக்கொண்டு வரும் வின்ஸ்லோ, மேடையிலேயே மின்னல் வடிவத்தில் இருக்கும் நியான் விளக்கை எறிந்து பீஃபைக் கொல்கிறான். ஆள் கருகிச் சாகிறான். கூட்டம் என்ன பண்ணுகிறது தெரியுமா? கைதட்டுகிறது. ஷோவில் ஒரு பகுதி என்று நினைத்து ஆர்ப்பரிக்கிறது.

என்னைப் பொறுத்தவரை படத்தின் உண்மையான பேய் அந்தக் கூட்டம்தான். படத்தின் முதல் பாட்டே இதைச் சொல்லிவிடுகிறது. தங்கச்சியின் ஆபரேஷனுக்குப் பணம் வேண்டும், செத்தால் ஆல்பம் விற்கும் என்று தற்கொலை செய்துகொண்ட ஒரு பாடகனைப் பற்றிய ஜாலியான டான்ஸ் பாட்டு அது. அதைப் பாடுகிற மூன்று பேரும் படம் முழுக்க வருகிறார்கள். முதலில் பழைய ஐம்பதுகளின் பாணியில், தலைமுடியை எண்ணெய் தடவி வாரிக்கொண்டு. பிறகு கடற்கரைப் பாட்டு கோஷ்டியாக. கடைசியில் முகத்தில் வெள்ளையும் கறுப்பும் பூசின பிணங்களாக. அதே மூன்று பேர், சந்தை கேட்கிறபடி சட்டை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். 1974-லேயே இதைச் சொல்லியிருக்கிறார் மனுஷன். ரீல்ஸ் டிரெண்ட் மாறும்போதெல்லாம் அந்த மூன்று பேர் எனக்கு ஞாபகம் வருகிறார்கள்.

கிளைமாக்ஸ்: வின்ஸ்லோ தன்னையே குத்திக்கொள்கிறான், சாவு வரவில்லை. ஒப்பந்தப்படி ஸ்வான் சாகும் வரை அவன் சாகக்கூடாது! சரி என்று ஸ்வானைக் குத்தினால் அவனும் சாகவில்லை. காரணம், அவனும் ஒரு ஒப்பந்தத்தில் இருக்கிறான். வருஷக்கணக்குக்கு முன்னால் கண்ணாடியில் தெரிந்த சாத்தானோடு போட்டது. அவன் இளமையாகவே இருப்பான், வீடியோ டேப்பில் இருக்கும் அவன் உருவத்துக்கு மட்டும் வயதாகும். திருடனுக்கும் மேலே ஒரு முதலாளி. டேப்பை எரித்ததும் கதை முடிகிறது. ஸ்வானும் சாகிறான், வின்ஸ்லோவும் சாகிறான். கூட்டம் சுற்றி நின்று ஆடிக்கொண்டே இருக்கிறது. ஃபீனிக்ஸ் ஒருத்திதான் முகமூடி கழன்ற முகத்தை அடையாளம் கண்டுகொள்கிறாள்.

பேய், ஆவி, பில்லி சூனியம் என்று எதுவும் இல்லாமலே இந்தப் படம் பயமுறுத்துவது இதனால்தான். பாழடைந்த பங்களா இல்லை. நகரம், ஆபீஸ், ஸ்டூடியோ, பேப்பர், பேனா. மெட்ரோ நகரத்தில் பாட்டோடு வந்து இறங்குகிற எந்தப் பையனுக்கும் நடக்கக்கூடியது, சாத்தானைத் தவிர்த்துவிட்டால்.

படத்துக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதே கதைதான் என்பது இன்னொரு வேடிக்கை. ஸ்வானின் கம்பெனிக்குப் படத்தில் 'ஸ்வான் சாங்' என்று பெயர் வைத்து எடுத்து முடித்துவிட்டார்கள். அதே 1974-ல் லெட் செப்பலின் குழு நிஜமாகவே அந்தப் பெயரில் ரெக்கார்டு கம்பெனி ஆரம்பித்துவிட்டது. தகராறு. கடைசியில் எடுத்த காட்சிகளின் மேலேயே செத்த பறவை படத்தையும் 'டெத் ரெக்கார்ட்ஸ்' என்ற பெயரையும் ஒட்டி மறைத்தார்கள். உற்றுப் பார்த்தால் ஒட்டுவேலை தெரியும். ஒருவன் பெயரை அழிக்கிறதைப் பற்றின படத்திலேயே ஒரு பெயரை அழிக்க வேண்டி வந்தது.

படம் ஓடவும் இல்லை. அமெரிக்காவில் ஊத்திக்கொண்டது. பாட்டுகளுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, பரிசு வரவில்லை. ஆனால் ரெண்டு ஊர் மட்டும் கைவிடவில்லை. ஒன்று பாரிஸ். இன்னொன்று கனடாவில், மைனஸ் முப்பது டிகிரி வரைக்கும் குளிர் இறங்குகிற வின்னிபெக். 1974 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அங்கே திரையிட்டார்கள். மாசக்கணக்கில் ஓடியது. பார்த்தவர்களில் பலர் பள்ளிக்கூடப் பிள்ளைகள், திரும்பத் திரும்ப வந்தார்கள். பால் வில்லியம்ஸ் அந்த ஊரில் கச்சேரி பண்ணப் போனபோது பெரிய வரவேற்பு. 2005-லும் 2006-லும் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகி, நடிகர்களை ஊருக்கு வரவழைத்து விழாவே எடுத்தார்கள். இதைப் பற்றி 2019-ல் ஓர் ஆவணப்படமும் வந்தது. ஏன் வின்னிபெக்? யார் யாரோ என்னென்னவோ காரணம் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்த காரணம் எளிமையானது. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு 'இது அவனோட பாட்டு, அவன்கிட்ட குடுத்துடுங்க' என்பது உடனே புரியும். நமக்குத்தான் வயதாக ஆக அது புரியாமல் போகிறது.

நிற்க. இப்போது என் கதை.

போன வருஷம் நம்ம காலேஜ் கல்ச்சுரல்ஸில் எங்கள் டிபார்ட்மென்ட் குறும்படம் போட்டது ஞாபகம் இருக்கிறதா? எட்டு நிமிஷம். அதில் பின்னணியில் ஒரு மெட்டு வரும். மூணு சுரத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஒரு நீள இழுவையில் போய் நிற்கும். படம் முடிந்த பிறகும் நிறைய பேர் முணுமுணுத்துக்கொண்டு போனீர்கள். 'சிறந்த இசை' சான்றிதழும் ஆயிரம் ரூபாயும் எனக்குக் கிடைத்தது. இங்கேயே அதைப் பற்றிப் பெருமையாக ஒரு பதிவு போட்டேன். அறுபது பேருக்கு மேல் வாழ்த்தினீர்கள்.

அந்த மெட்டு என்னுடையது இல்லை.

என் அறைத்தோழன் துணி துவைக்கும்போது முணுமுணுப்பான். அவன் தஞ்சாவூர்ப் பக்கம். அவன் அப்பாயி வயலில் நடவு நடும்போது பாடுகிற பாட்டு. ஒரு நாள் "என்னடா அது, இன்னொரு தடவ பாடு" என்று செல்போனில் பதிவு பண்ணிக்கொண்டேன். இலவச மென்பொருள் ஒன்றில் கொஞ்சம் தாளம், கொஞ்சம் வயலின் மாதிரி ஒரு சத்தம், எதிரொலி எல்லாம் சேர்த்தேன். ரெண்டு ராத்திரி வேலை. கடைசியில் பெயர் போடும்போது 'இசை' என்று அடித்து என் பெயரை அடித்தேன். கை நடுங்கவெல்லாம் இல்லை. உண்மையைச் சொன்னால், யோசிக்கவே இல்லை. நான்தானே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன் என்பதுதான் மனசில் இருந்தது.

அவன் ஆடிட்டோரியத்தில் என் பக்கத்து சீட்டில்தான் இருந்தான். கைதட்டினான். "நல்லாருந்துச்சுடா" என்றான். அந்த ஆயிரம் ரூபாயில் அவனுக்கே புரோட்டா வாங்கிக் கொடுத்தேன். சாப்பிட்டான்.

படம் பார்த்த ராத்திரி விளக்கை அணைத்த பிறகு அவனிடம் கேட்டேன். "அந்தப் பாட்டப் பத்தி உனக்கு ஒண்ணும் தோணலையாடா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாயிக்கு அந்தக் குறும்படத்தைச் செல்போனில் போட்டுக் காட்டியிருக்கிறான். பாட்டு வந்ததும் அது கூடவே பாட ஆரம்பித்துவிட்டதாம். 'யாருடா போட்டது?' என்று கேட்டதற்கு 'என் கூட்டாளி' என்றிருக்கிறான். 'அவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?' 'நான்தான்.' 'உனக்கு?' 'நீதான் அப்பாயி.' அதற்கு ஒரே சிரிப்பாம். 'அப்ப எம்பேரு வருமா?' என்று கேட்டிருக்கிறது.

"அதுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுடா. கடைசில உன் பேரு வந்துச்சுல்ல, அதக் காட்டி, 'இதான் உன் பேரு'ன்னு சொல்லிட்டேன். திருப்பித் திருப்பிப் போடச் சொல்லிப் பாத்துச்சு."

அவ்வளவுதான் சொன்னான். கோபமே இல்லை. திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டான். எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் ஸ்வான் மாதிரி பெரிய வில்லன் எல்லாம் இல்லை. மாளிகை இல்லை, ஒப்பந்தம் இல்லை, ஹாஸ்டல் பாக்கி வேறு இருக்கிறது. ஆனால் செய்தது அதேதான். இன்னும் சொல்லப்போனால் ஸ்வானுக்குத் தான் திருடுகிறோம் என்றாவது தெரியும்.

இதில் நான் எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானங்கள் ரெண்டு. ஒன்று, நாட்டுப்புறப் பாட்டுக்கு யார் சொந்தக்காரர், அது எல்லாருக்கும் பொது என்பது. இரண்டாவது, எல்லாக் கலையும் எங்கிருந்தோ எடுத்ததுதானே என்பது. ரெண்டுமே பாதி சரிதான். டி பால்மாவே மூன்று பழைய கதைகளை எடுத்து ஒட்டித்தான் இந்தப் படத்தைச் செய்தார். வின்ஸ்லோவும் யாரோ எழுதின ஃபாஸ்ட் கதைக்குத்தான் இசை போட்டான். எடுத்தது தப்பில்லை. எங்கே எடுத்தோம் என்பதை அழித்தால்தான் தப்பு. லெரூவும் வைல்டும் புத்தக அட்டையில் பெயரோடு இருக்கிறார்கள், அவர்களை யாரும் அழித்துவிட முடியாது. அப்பாயிக்கு அட்டை இல்லை. என் எட்டு நிமிஷப் படத்தின் கடைசி வரி ஒன்றுதான் இருந்தது. அதில் நான் போய் உட்கார்ந்துகொண்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தேடிப் பார்த்தேன் (பரீட்சைக்குக்கூட இவ்வளவு படித்ததில்லை). நம் நாட்டில் 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். சினிமாவுக்கு எழுதின பாட்டு சினிமா தியேட்டரைத் தாண்டி வேறு எங்கே பயன்பட்டாலும் எழுதினவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் சமபங்கு உண்டு, அந்த உரிமையைக் கையெழுத்துப் போட்டு முதலாளிக்கு விட்டுக்கொடுக்கவும் முடியாது. வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் கொடுக்கலாம். வின்ஸ்லோ மாதிரி படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைக் காப்பாற்றத்தான் இது. நல்ல சட்டம். ஆனால் நடவு வயலில் நின்று பாடினவரின் பெயரைப் போடச் சொல்லி எந்தச் சட்டமும் என்னைத் தேடி ஹாஸ்டலுக்கு வரப்போவதில்லை. அது நானாகச் செய்ய வேண்டியது.

செய்தது இதுதான். குறும்படத்தின் கடைசி அட்டையை மாற்றி மறுபடி ஏற்றியிருக்கிறேன். 'மெட்டு' என்ற இடத்தில் அப்பாயியின் பெயரும் ஊரும். அதற்குக் கீழே 'ஒலிச்சேர்ப்பு' என்று என் பெயர், சின்ன எழுத்தில். மாற்றுவதற்கு முன் அவன் போனில் அப்பாயியிடம் பேச வைத்தான். பயந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன். நான் செய்ததை அது பெரிசாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்று சொன்னது. "எனக்கு முன்னாடி நின்னு எடுத்துக் குடுத்துப் பாடுனது வேற ஒருத்தி தம்பி. அவ செத்து ரொம்ப நாளாச்சு. அவ பேரையும் போடு."

அப்படி அது சொல்லாவிட்டால் நான் இன்னொரு பெயரை அழித்திருப்பேன். இப்போது ரெண்டு பெயரும் இருக்கிறது. அந்த இன்னொருவருக்கு யார் எடுத்துக் கொடுத்தார்களோ, அது தெரியாது. அதனால் மூன்றாவது வரியாக 'இவர்களோடு நடவு நட்டவர்கள்' என்று போட்டேன்.

கல்ச்சுரல்ஸ் பொறுப்பில் இருந்தவரிடம் சான்றிதழைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். சிரித்துவிட்டு "விடுப்பா, போன வருஷக் கதை" என்றார். அதனால் அது இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது. ஆயிரம் ரூபாயை அறைத்தோழனிடம் நீட்டினேன், வாங்கவில்லை. "ஊருக்கு வா, அதுகிட்டயே குடு" என்றுவிட்டான். செமஸ்டர் லீவில் போகிறேன்.

கடைசியாகப் படத்தைப் பற்றி ஒன்று. பாட்டுத் திருடன் ஸ்வானாக நடித்த பால் வில்லியம்ஸுக்கு அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? எண்பதுகளில் குடியிலும் போதையிலும் ஏறக்குறைய காணாமலே போனார். 1990-ல் அதிலிருந்து மீண்டார். 2009-ல் அஸ்காப் சங்கத்தின் தலைவரானார். அமெரிக்காவில் பாட்டு எழுதுகிறவர்களுக்கும் இசையமைப்பவர்களுக்கும் அவர்கள் ராயல்டியை வசூலித்துக் கொடுக்கிற சங்கம் அது, 1914-ல் ஆரம்பித்தது. திரையில் அடுத்தவன் பாட்டைத் திருடினவர், நிஜத்தில் அடுத்தவர்களின் பாட்டுக்குக் காவல்காரர் ஆனார். அவரைக் காதலித்துக் கொண்டாடின டாஃப்ட் பங்க் பையன்கள் 2013-ல் தங்கள் ஆல்பத்தில் அவரைப் பாட வைத்தார்கள். அந்த ஆல்பத்துக்கு கிராமி கிடைத்தபோது, ஹெல்மெட் மாட்டின ரெண்டு பேரும் வாய் திறக்காமல் நிற்க, மேடையில் பேசினவர்களில் அவரும் ஒருவர்.

ஸ்வானே மாறலாம் என்றால் நானும் மாறலாம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அப்படி முடித்தால் அது எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் இன்னொரு சான்றிதழ் ஆகிவிடும். அதனால் வேண்டாம். போன வருஷம் வாழ்த்துச் சொன்ன அறுபது பேரும், முடிந்தால், மாற்றி ஏற்றின படத்தை ஒரு தடவை பாருங்கள். கடைசி அட்டை வரும்போது நிறுத்தி, பெயர்களைப் படியுங்கள். அப்பாயியால் படிக்க முடியாது. நீங்கள் படித்தால் நான் போய்ச் சொல்கிறேன்.

டிஸ்கி 1: அறைத்தோழனின் அனுமதி வாங்கித்தான் இதை எழுதினேன். அப்பாயியின் பெயரை இங்கே போட வேண்டாம், படத்தில் இருந்தால் போதும் என்றான்.

டிஸ்கி 2: படத்தைப் பார்க்கிறவர்கள் நல்ல ஹெட்போனில் பாருங்கள். பாட்டுகள் ஒவ்வொன்றும் அருமை. வின்ஸ்லோ முதலில் பியானோவில் வாசிக்கிற பாட்டை மட்டும் தனியாக ரெண்டு தடவை கேளுங்கள். கேட்டுவிட்டு யார் எழுதினது என்று பார்த்துவிடுங்கள். :)